அண்ணல் அணிந்ததும் அகற்றியதும்

மகாத்மா காந்தியடிகளின் உருவத்தை அறியாதார் நம்மிடையே இலர். முழங்காலுக்கு மேலே நிற்கும் ஒரு துண்டு, தோளை மூடிய ஒரு சால்வை, வட்டக் கண்ணாடி, இடுப்பிலே தொங்கும் கடிகாரம், காலிலே செருப்பு. சிறு பிள்ளையும் நான்கு கோடுகளில் வரைந்துவிடக் கூடிய உருவம் அது. பிறந்த நாள் தொட்டே அவர் அக்கோலத்தில் இருந்தார் போலும் என்று எண்ணுமளவுக்கு நம் மனத்திற் பதிந்துவிட்டது. ஆயின், அவ்வுடையை அவர் மேற்கொண்டபோது அவருக்கு 52 வயது நிறைவதற்குப் பத்து நாட்களே இருந்தன. அதற்கு முன்னர் அவர் பட்டுத் தொப்பி அணிந்திருக்கிறார். தங்கச் சங்கிலி பூட்டிய கடிகாரம் அணிந்திருக்கிறார். ஒரு முறை, உயிர் தப்புவதற்காகப் பொலிஸ்காரனுடைய சீருடையும் அணிந்திருக்கிறார். அவருடைய அரசியலைப் பற்றி எழுதினோர் பலர். அவர் வாழ்க்கையை அவர் உடுத்த துணியின் வழியே சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 ஒக்டோபர் 2ஆந் திகதி கத்தியவார் நாட்டிலே போர்பந்தரிற் பிறந்தார். தந்தையார் அச்சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர். வைணவக் குடும்பம், தலையிலே குடுமி வைத்திருப்பது குலவழக்கம். 1888ஆம் ஆண்டு சட்டம் பயிலச் சீமைக்குப் புறப்பட்டபோது அவர் செய்த முதற்காரியம் அக்குடுமியைக் களைந்ததே. தலைப்பாகை இன்றி வெறுந் தலையுடன் நிற்குமிடத்துக் குடுமியைக் கண்டு ஆங்கிலேயர் நகைப்பரே, தம்மை நாகரிகமில்லாதவன் என எண்ணுவரே என்ற அச்சம். பிற்காலத்தில் இதனை அவரே கோழைத்தனம் என்று தம் சுயசரிதையில் எழுதி வைத்தார். இந்த அச்சம் அவரோடு நிற்கவில்லை. தென்னாபிரிக்காவிலே தம் உறவினரான சகன்லால் பக்தியோடு வைத்திருந்த குடுமியையும் அவர் எடுக்கச் செய்தார்.

1888 செப்டெம்பர் 4ஆந் திகதி பம்பாயிலே கப்பலேறினார். பயணம் முழுவதும் கறுப்பு உடை அணிந்து, நண்பர்கள் கொடுத்த வெள்ளைப் பிளனல் உடையைக் கரையிறங்கும் நாளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். வெள்ளை உடைதான் சீமையிலே பொலியும் என்பது அவர் கருத்து. இறங்கிப் பார்த்தால் அது செப்டெம்பர் மாதக் கடைசி. துறைமுகத்திலே வெள்ளை உடுத்தவர் அவர் ஒருவரே. பெட்டிகளோ வேறிடத்திலே சிக்கிக் கொண்டன; விடுமுறை நாள் கழியும் வரையில் அந்த வெள்ளையோடே வெட்கித்திருக்க நேர்ந்தது. அன்று மாலை அவரைக் காண வந்த டாக்டர் பிராணஜீவன் மேத்தாவின் பட்டுத் தொப்பியை எடுத்து மயிர் போகும் போக்குக்கு எதிராகத் தடவிப் பார்த்தார். மேத்தா முகஞ் சுளித்தார். பிறர் பொருளைத் தொடலாகாது என்பது தொடங்கி, ஐரோப்பிய மரியாதைகளைப் பற்றிய முதற் பாடத்தை அவர் அங்கேயே பெற்றார்.

மாணவர் அப்பாடத்தை நன்றாகவே கற்றார். பம்பாயில் தைத்த உடைகள் ஆங்கிலச் சமூகத்துக்கு ஒவ்வா என்று ஆர்மி அன்ட் நேவி ஸ்டோர்சிலே புதிய உடைகள் வாங்கினார். 19 சிலிங் கொடுத்து உயர்ந்த தொப்பி ஒன்று. லண்டன் நாகரிகத்தின் நடுநாயகமான பொண்ட் வீதியிலே, மாலை நேரத்துக்கென்று பத்துப் பவுணுக்கு ஓர் உடை. தமையனார் அன்போடு அனுப்பிய இரட்டை வடத் தங்கச் சங்கிலி. கட்டி விற்கப்படும் கழுத்துப்பட்டியை அணிவது மதிப்பன்று என்று தாமே கட்டப் பழகினார். ஊரிலே சவரக்காரன் வரும் நாளில் மாத்திரம் கண்ணாடி பார்த்தவர், இங்கே நிலைக்கண்ணாடியின் முன்னே நாள்தோறும் பத்து நிமிடம் நின்றார். முடி மென்மையானதன்று, வகிடு நேரே நிற்க வேண்டுமென்றால் தூரிகையோடு தினமும் ஒரு போராட்டம். நடனத்துக்கு ஒரு தவணைக்கு மூன்று பவுண். வயலினுக்கு மூன்று பவுண். பேச்சுப் பயிற்சி வேறு.

இதனைப் படித்துச் சிரிப்பது எளிது. ஆனால் பதினெட்டு வயது இளைஞன், தனியனாய், தன் நிறத்தையும் நாவையும் மாற்ற இயலாத ஊரிலே, மாற்றக் கூடியதை மாற்றினான். கடல் கடந்து படிக்கப் போகும் நம் இளைஞரும் முதல் வாரத்திலே கடைக்குத்தான் போகின்றனர். நடனமும் வயலினும் மூன்று மாதத்தில் முடிந்தன. உடையிலே பிசகாத கவனமோ பல ஆண்டுகள் நீடித்தது.

1891 யூன் 10ஆந் திகதி பாரிஸ்டராகி, இரண்டு நாளில் கப்பலேறி ஊர் திரும்பினார். தம்பி சீமையிலிருந்து வருகிறார் என்று தமையனார் ராஜகோட்டையிலுள்ள வீட்டிலே முன்னரே தேநீரும் கோப்பியும் பீங்கான் கோப்பைகளும் புகுத்தியிருந்தார். சப்பாத்தும் வந்திருந்தது. தம்பி வந்து ஓட்ஸ் கஞ்சியையும் கொக்கோவையும் சேர்த்தார். சப்பாத்துக்கு மேலே ஐரோப்பிய உடையையும் ஏற்றி அந்தச் சீர்திருத்தத்தைப் பூர்த்தி செய்தார். செலவு நாள்தோறும் ஏறியது. வழக்குகளோ வரவில்லை. வாசலிலே யானையைக் கட்டிவிட்டோம், தீனிக்கு என் செய்வது என்ற நிலை. அந்த வேளையிலேதான் தென்னாபிரிக்காவிலுள்ள ஒரு முஸ்லிம் வர்த்தக நிறுவனத்தின் வழக்குக்காக அழைப்பு வந்தது. 1893 மே மாதத்தில் டர்பனிலே இறங்கினார். நீண்ட கோட்டும், வங்காளத்தார் கட்டுவது போன்ற தலைப்பாகையும் அணிந்திருந்தார்.

அத்தலைப்பாகையே அவருடைய முதற் போராட்டமாயிற்று. வந்த இரண்டு மூன்று நாட்களில் அப்துல்லா சேட்டோடு நீதிமன்றம் போனார். நீதவான் அவரை உற்றுப் பார்த்துத் தலைப்பாகையை எடுக்கும்படி பணித்தார். அவர் மறுத்து வெளியேறினார். அந்நாட்டிலே தலையிலே இருப்பதைக் கொண்டே ஓர் இந்தியனின் தரம் மதிக்கப்பட்டது. முஸ்லிம் வர்த்தகர் தம்மை அராபியர் என்றனர். பார்சிகள் தம்மைப் பாரசீகர் என்றனர். எஞ்சிய தமிழரும் தெலுங்கரும் வடநாட்டாருமான ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரும் கூலிகள். அவமானத்தைத் தவிர்க்க ஆங்கிலத் தொப்பி அணிந்து கொள்ளலாமா என்று காந்தி யோசித்தார். சேட் தடுத்துவிட்டார். தொப்பி அணிந்தால் உணவுச்சாலைப் பரிசாரகன் என்றே கொள்வர் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அக்காலத்து நேட்டாலிலே அத்தொழில் செய்த இந்தியக் கிறிஸ்தவர் பலர் ஆங்கிலத் தொப்பியே அணிந்தனர். வெறுந் தலையும் ஆகாது, தொப்பியும் ஆகாது, தலைப்பாகையும் ஆகாது என்றால் ஒரு மனிதன் எதைத்தான் அணிவது?

அடுத்த ஆண்டு, 1894 செப்டெம்பரிலே, நேட்டால் உயர் நீதிமன்றத்தில் நியாயவாதியாகப் பதிவு செய்யப்பட்டபோது பிரதம நீதியரசர் தலைப்பாகையை எடுக்கச் சொன்னார். இம்முறை காந்தி எடுத்துவிட்டார். நீதிமன்றத்து நியாயவாதிகளின் முறைக்குக் கட்டுப்படுவது தகும், பெரிய போர்களுக்கென்று வலிமையைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். சேட்டுக்கு மனவருத்தம். நண்பர் சிலருக்கும் அப்படியே. எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் அதன்பின் சில மாதங்களிலேயே, தலைப்பாகை பற்றி அவர் கொண்டிருந்த எண்ணத்தையெல்லாம் புரட்டிவிட்ட ஒரு மனிதர் அவருடைய அலுவலகத்துக்குள் வந்தார்.

அவர் பெயர் பாலசுந்தரம். தமிழர், டர்பனிலே ஓர் ஐரோப்பியரிடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். எசமானனால் அடிக்கப்பட்டு, உடை கிழிந்து, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயிலே இரத்தம் வடிய, நடுங்கி அழுதுகொண்டு நின்றார். தலைத்துண்டைக் கையிலே பிடித்திருந்தார். ஐரோப்பியர் முன்னிலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளி தலைத் துணியை அவிழ்த்துக் கையிலே பிடித்துக் கொள்ள வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். தம்மவரான பாரிஸ்டரிடமும் அப்படித்தான் நிற்க வேண்டுமென்று அவர் எண்ணிவிட்டார். காந்தி வெட்கினார். துணியைத் தலையிலே கட்டிக் கொள்ளும்படி வேண்டினார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கியே கட்டினார். ஆயினும் அவர் முகத்திலே மகிழ்ச்சி தோன்றியதைக் காந்தி கண்டார். பின்னர் வைத்தியரிடம் அனுப்பிச் சான்றிதழ் பெற்று, நீதவானிடம் அழைத்துச் சென்று, வேறோர் எசமானனிடம் அவரை மாற்றுவித்தார். செய்தி தோட்டந் தோட்டமாகப் பரவி, ஏழைத் தொழிலாளர் அவரைத் தேடி வரத் தொடங்கினர். அதுகாறும் தலைப்பாகை என்பது காந்திக்குத் தம் மானம் பற்றிய பொருள். அன்று அது பிறர் மானம் பற்றிய பொருளாயிற்று.

மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்து விடவில்லை. 1896இல் மனைவி மக்களை அழைத்து வர ஊர் சென்றபோது, கஸ்தூரிபாயும் பிள்ளைகளும் என்ன உடுக்க வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். முழு ஐரோப்பிய உடை பொருந்தாது. இந்தியருள்ளே நாகரிகத்தில் முதல்வர் பார்சிகள் எனக் கருதப்பட்ட காலம் அது. ஆதலால் மனைவியாருக்குப் பார்சிச் சேலை. பிள்ளைகளுக்குப் பார்சிக் கோட்டும் காற்சட்டையும். எல்லாருக்கும் சப்பாத்தும் காலுறையும். சப்பாத்து காலைக் கடித்தது, காலுறை வியர்வையில் நாறியது, விரல்கள் புண்ணாயின. அவர்கள் மறுத்தபோதெல்லாம் அவரிடம் விடை ஆயத்தமாக இருந்தது; அவர்கள் அடங்கியதோ விடையினால் அன்று, அதிகாரத்தினாலே என்று அவரே ஒப்புக் கொள்கிறார். ஒரு வீட்டிலே உடை மாறும்போது யாருடைய கால் புண்ணாகிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. நம் தாய்மார் பாட்டிமாரின் காலத்திலும் ரவிக்கையின் கை நீளத்தைத் தீர்மானித்தோர் பெரும்பாலும் ஆடவரே.

அக்குடும்பம் டர்பனிலே இறங்கிய 1897 சனவரி 13ஆந் திகதி வெள்ளையர் கும்பல் ஒன்று காந்தியைத் தாக்கியது. கல்லும் முட்டையும் எறிந்தனர், தலைப்பாகையைப் பறித்தனர், உதைத்தனர். நண்பர் ருஸ்தம்ஜியின் வீட்டை இரவிலே சூழ்ந்து கொண்டபோது, பொலிஸ் அதிகாரி அலெக்சாந்தரின் யோசனைப்படி அவர் மாறுவேடத்தில் வெளியேறினார். இந்தியப் பொலிஸ்காரனின் சீருடை உடலிலே. தலைக்கவசத்துக்குப் பதிலாகத் தலையிலே ஓர் உலோகத் தட்டு. அத்தட்டின் மேலே சுற்றியிருந்தது சென்னைப் பட்டணத்துத் துண்டு ஒன்று. சீமையிலே 19 சிலிங் தொப்பியால் பெற முடியாத பாதுகாப்பை அன்று தமிழ்நாட்டுத் துண்டு ஒன்று அவருக்கு அளித்தது.

அதன் பின்னர்தான் அவர் தம் கைகளால் தம்மைப் பேணத் தொடங்கினார். சலவைக்காரரின் செலவும் தாமதமும் பொறுக்காமல் புத்தகம் வாங்கிச் சலவை கற்றார். தாமே தோய்த்த முதற் கொலரிலே கஞ்சி மிகுந்துவிட்டது. சூடு போதாத இஸ்திரிப் பெட்டியை அழுத்தவும் பயம். நீதிமன்றத்திலே நிற்கையில் கஞ்சி உதிர்ந்து கொண்டிருந்தது. நியாயவாதிகள் சிரித்தனர்; அவரும் அவர்களோடு சிரித்தார். முடிவெட்டும் இப்படியே. பிரிட்டோரியாவிலே ஓர் ஆங்கிலச் சவரக்காரர் கறுப்பருக்கு வெட்ட மாட்டேன் என்று அவமதித்து அனுப்பிவிட்டார். காந்தி கத்தரி வாங்கி, கண்ணாடியின் முன் நின்று தாமே வெட்டிக் கொண்டார். முன்பக்கம் ஒருவாறு வந்தது, பின்பக்கம் பாழாயிற்று. எலி கடித்ததா என்று நீதிமன்றத்திலே நண்பர்கள் கேட்குமளவுக்கு இருந்தது.

வேறெவராயினும் இக்கதையை நிறவெறிக்குச் சான்றாகச் சொல்லி நிறுத்தியிருப்பர். காந்தி அச்சவரக்காரர் மேலே குற்றம் இல்லை என்று முடிவு செய்தார். கறுப்பருக்கு வெட்டினால் அவருக்கு வாடிக்கை போய்விடும். நம் நாட்டிலே தாழ்த்தப்பட்டோருக்கு முடி வெட்ட நம் நாவிதரை நாம் விடுகிறோமா? அந்தப் பயனே தமக்குத் தென்னாபிரிக்காவிலே கிடைத்தது, ஒருமுறையன்று பலமுறை, என எழுதினார். யாழ்ப்பாணத்தார் இந்த வரலாற்றை விரைந்து வாசித்துக் கடக்க இயலாது. இங்கேயும் நாவிதரும் வண்ணாரும் யாருக்குத் தொழில் செய்யலாம், யாருக்குச் செய்யலாகாது என்று சாதி வகுத்து வைத்திருந்தது. தாழ்த்தப்பட்ட ஆடவர் தோளிலே சால்வை இடுவதும், பெண்கள் மேற்சட்டை அணிவதும் குற்றமாகக் கொள்ளப்பட்ட காலம் நம் பாட்டனாரின் நினைவுக்கு எட்டிய காலமே. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது 1957ஆம் ஆண்டிலேதான். சட்டம் வந்த பின்னரும் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராட வேண்டியிருந்தது என்பதைப் பெரியோர் அறிவர்.

1910இல் ஜொகானஸ்பர்க்குக்கு அண்மையிலே டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. அங்கே தொழிலாளராய் வாழ வந்தவர்கள் தொழிலாளர் காற்சட்டையும் சட்டையுமே உடுத்தனர். சிறைக் கைதிகளின் உடையைப் பார்த்து வெட்டப்பட்டவை அவை. நண்பர் கலன்பாக் ஒரு துறவிகள் மடத்திற் செருப்புத் தைக்கப் பழகி வந்து காந்திக்குக் கற்றுக் கொடுத்தார். தோல் வேலை எந்தச் சாதிக்கு உரியது என்று நம்மவர் வைத்திருக்கும் கணக்கை எண்ணிப் பார்த்தால், திவானின் மகன் செருப்புத் தைத்தது சட்டமறுப்பினும் சிறிய செயலன்று.

1913இல் மூன்று பவுண் தலைவரியை எதிர்த்து நேட்டால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களுள்ளே தமிழர் மிகப் பலர். துப்பாக்கிச் சூட்டிலே தொழிலாளர் மாண்டனர். டிசெம்பரிலே சிறையிலிருந்து வெளிவந்த காந்தி, டர்பன் கூட்டத்துக்கு ஐரோப்பிய உடையில் வரவில்லை. தலையை மழித்து, முழங்கால் வரை நீண்ட சட்டையும் இடுப்பிலே ஒரு வேட்டியும் உடுத்து, வெறுங்காலோடு வந்தார். இறந்தவருக்குத் துக்கங் காக்கும் கோலம் அது. ஒப்பந்தத் தொழிலாளியின் கோலமும் அதுவே. பாலசுந்தரத்தைத் தலைத்துணி கட்டச் செய்தவர், பத்தொன்பது ஆண்டு கழித்துப் பாலசுந்தரத்தின் உடையைத் தாம் உடுத்தார். சிறையிலே நோயுற்று வெளிவந்த இளம் பெண் வள்ளியம்மை உயிர் நீத்ததும் அப்போராட்டத்திலேதான், 1914 பெப்ரவரியிலே.

1915 சனவரி 9ஆந் திகதி பம்பாயில் இறங்கியபோது கத்தியவார்த் தலைப்பாகை, நீண்ட அங்கி, வேட்டி, மேலாடை. மூன்றாம் வகுப்புப் பயணத்துக்கு அங்கியும் தலைப்பாகையும் இடைஞ்சல் என்று விரைவிலே கண்டார். எட்டோ பத்தோ அணாவுக்கு ஒரு காஷ்மீரத் தொப்பி வாங்கிக் கொண்டார். அவ்வாண்டே கும்பமேளாவுக்குப் போன பயணத்தில் ஒரு சந்நியாசி, குடுமியும் பூணூலும் இல்லாத இந்துவைக் கண்டு வருந்தினார். காந்தி சிந்தித்தார். பூணூலை ஏற்கவில்லை, கோடிக்கணக்கானோருக்கு மறுக்கப்பட்ட ஒன்றை அணிவதற்குத் தமக்கு என்ன உரிமை என்பது அவர் நியாயம். குடுமியை மீண்டும் வைத்துக் கொண்டார். ஏனெனில் அதனை அவர் முன்னர் நீக்கியது வெட்கத்தினால். இந்த வேறுபாட்டை நம் சங்கத்து இளைஞர் கூர்ந்து நோக்க வேண்டும். எது பழையது, எது புதியது என்று அவர் கேட்கவில்லை. எக்காரணத்தால் அணிந்தோம், எக்காரணத்தால் அகற்றினோம் என்றே கேட்டார்.

1917இல் சம்பாரணிலே அவுரித் தோட்டக் குடியானவர் பொருட்டுப் பணிபுரிந்தபோது, ஒரு கிராமத்துப் பெண்கள் மிக அழுக்கான சேலை உடுத்திருந்தனர். துவைத்து உடுக்கும்படி சொல்லுமாறு கஸ்தூரிபாயை அனுப்பினார். ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்று காட்டினாள்: பெட்டியும் இல்லை, வேறு துணியும் இல்லை. உடுத்திருப்பது ஒன்றே சேலை. அதனை எப்படித் துவைப்பது? மாற்றுச் சேலை ஒன்று கிடைத்தால் நாள்தோறும் குளித்துத் துவைத்து உடுப்பேன் என்றாளாம்.

யான் கற்றது கிறிஸ்தவ மிஷனரிமார் நிறுவிய பாடசாலை. நகமும் முடியும் கொலரும் சப்பாத்தும் பார்த்தே எங்களை வகுப்புக்குள் விட்டனர். அழுக்கு என்பது ஒழுக்கக்கேட்டின் உடன்பிறப்பு என்றே கற்றோம். தூய்மையிலே எங்களுக்கு ஏற்பட்ட பழக்கத்துக்கு இன்றும் நன்றியுடையேன். ஆயின் தூய்மைக்கு இரண்டாவது சேலை ஒன்று வேண்டும் என்ற சிறு கணக்கை அந்தக் குடிசைப் பெண்ணே எனக்குக் கற்பித்தாள். காந்தியும் அழுக்கை ஒருபோதும் எளிமை எனக் கொண்டவரல்லர். ஆச்சிரமத்திலே மலகூடத்தைக் கூடத் தம் கையாற் கழுவியவர். அவர் துணியைக் குறைத்தார், தூய்மையைக் குறைக்கவில்லை.

கதர் இயக்கம் இந்தக் கணக்கிலிருந்தே வளர்ந்தது. தொடக்கத்தில் ஆச்சிரமக் கதர் கெஜம் 17 அணா விழுந்தது. அகலமும் 30 அங்குலந்தான். 45 அங்குல அகலத்தில் ஒரு மாதத்துக்குள் வேட்டி நெய்து தராவிட்டால் குட்டை வேட்டியே உடுப்பேன் என்று கங்காபென் அம்மையாரிடம் சொன்னார். அம்மையார் சொன்ன காலத்திலே நெய்வித்துத் தந்துவிட்டார். 1921 யூலை 31ஆந் திகதி பம்பாயிலே அந்நியத் துணி மலைபோற் குவித்து எரிக்கப்பட்டது. உடுக்கத் துணியில்லாத நாட்டிலே துணியை எரிப்பதா என்று கவி தாகூர் கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்குக் காந்தி எழுத்திலே மறுமொழி கூறினார். எனினும் அவ்வெழுத்தினும் வலிய மறுமொழி இரண்டு மாதத்தில் மதுரையிலே வந்தது என்பேன்.

சென்னையிலிருந்து மதுரை செல்லும் புகைவண்டியிலே, அந்நியத் துணி உடுத்திருந்த சிலரோடு கதரைப் பற்றிப் பேசினார். கதர் வாங்கும் வசதி தமக்கில்லை, விலை அதிகம் என்றனர். அவரோ தொப்பியும் சட்டையும் முழு வேட்டியும் அணிந்திருந்தார். அவர்கள் சொன்னதிலே உண்மை இருந்தது. கதர் வாங்க முடியாதவன் அந்நியத் துணியை விட வேண்டுமென்றால் அவனுக்கு எஞ்சுவது ஓர் அரைத்துண்டே. அதனை உடுக்கச் சொல்பவன் தான் முதலில் உடுக்க வேண்டாமா? மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலே, 1921 செப்டெம்பர் 22ஆந் திகதி காலை, தலையை மழித்துக் கொண்டு, தொப்பியையும் சட்டையையும் நீக்கி, முழங்கால் அளவான துண்டோடு வெளியே வந்தார். ஒக்டோபர் மாத இறுதி வரைக்கும் என்பதே அப்போது அறிவித்த எல்லை. தம்முடன் பணிபுரிவோரை இவ்வாறு உடுக்கும்படி அவர் கேட்கவில்லை. ஒக்டோபர் முடிந்தது. துண்டு நிலைத்தது.

அந்த உடையுடனேயே 1927 நவம்பரிலே இலங்கைக்கு வந்தார். கதர் நிதி சேர்ப்பதற்கான பயணம். கொழும்பிலிருந்து தொடங்கி மாதக் கடைசியிலே யாழ்ப்பாணம் அடைந்து, இராமநாதன் மகளிர் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி, மத்திய கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி முதலிய இடங்களிலே பேசினார். சைவரின் கல்லூரி, மிஷன் கல்லூரி என்ற வேறுபாடு அவர் பயணத்தில் இல்லை. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த ஆசிரியரும், தலைப்பாகை கட்டிய பிரபுக்களும், வெள்ளை உடுத்த மாணவரும் நிரம்பிய மண்டபங்களிலே அரையில் துண்டுடுத்த ஒருவர் நடுவே இருந்தார் என்று எண்ணிப் பார்க்கையிலே, யார் யாரைப் பார்த்து வெட்கியிருப்பர் என்று எனக்கு ஓர் ஆவல் எழுகின்றது.

1931ஆம் ஆண்டு இரண்டாவது வட்டமேசை மாநாடு. முன்பு வெள்ளைப் பிளனல் உடுத்து வெட்கிய நகருக்கு அரைத்துண்டோடும் சால்வையோடும் போனார். அவ்வுடையைச் சேர்ச்சில் அதற்குச் சில மாதங்களின் முன்னரே ஏளனம் செய்திருந்தார். நவம்பர் 5ஆந் திகதி ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் அரண்மனை விருந்துக்கும் அதே கோலத்திலேதான். கதர் இயக்கத்தால் வேலையிழந்த லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளர் நடுவே போனபோது அவர்கள் அவரை அன்போடு சூழ்ந்து நின்றனர்.

அதே மாநாட்டிலே இன்னொருவரும் இருந்தார்: டாக்டர் அம்பேத்கர். முழு ஐரோப்பிய உடை, கழுத்துப்பட்டி, பளபளக்கும் சப்பாத்து. இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இவ்விடயத்தைப் பேசுவது முறையாகாது. காந்தி உடையைக் களைந்தார். களைவதற்கு அவரிடம் உடை இருந்தது, உரிமையும் இருந்தது. எவருடைய முன்னோருக்கு முழங்காலுக்குக் கீழே வேட்டியும் மார்பை மறைக்கும் துணியும் மறுக்கப்பட்டனவோ, அவரிடம் எளிமையைப் போதிப்பது அறமாகாது. தென் திருவிதாங்கூரிலே நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காக நெடுங்காலம் அடிபட்டு 1859இலேதான் அரச ஆணை பெற்றனர். அவர்களுக்கு ஒரு முழத் துணி கூடுதலாக உடுப்பதே விடுதலை. ஆதலின் காந்தியின் துண்டும் அம்பேத்கரின் கோட்டும் ஒன்றுக்கொன்று பகையென்று யான் கருதவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஒன்றை உயர்த்திப் பேசும் மேடைப் பேச்சாளர் இருவர் வரலாற்றையும் அறியாதவர்.

தென்னாபிரிக்கச் சிறையிலே காந்தி தைத்த ஒரு சோடிச் செருப்பை, அவரைச் சிறையிலிட்ட ஜெனரல் ஸ்மட்சுக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். ஸ்மட்ஸ் அதனைப் பல கோடைகள் அணிந்தார். 1939இல் காந்தியின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி அச்செருப்பைத் திருப்பி அனுப்பினார். அத்தகைய மனிதரின் செருப்பிலே நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்று எழுதினார். 1947இல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்குக் காந்தி அனுப்பிய பரிசு, தாம் நூற்ற நூலிலே செய்த ஒரு துணி.

1948 சனவரி 30ஆந் திகதி மாலை, டில்லியிலே பிரார்த்தனைக்கு நடந்து செல்லும் வழியில் அவர் சுடப்பட்டார். குளிர்காலமாதலால் மேலே சால்வை போர்த்தியிருந்தார். மதுரையிலே இராணி மங்கம்மாளின் பழைய மாளிகை ஒன்றில் 1959ஆம் ஆண்டு காந்தி நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அன்று மாலை அவர் உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி, இரத்தக் கறையோடு, அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.